முதல் தண்ணீர் யார் துணிக்கு

அன்புள்ள ராயா,

இங்கு அனைவரும் சுகம் என்று ஆரம்பித்தால் அது பொய்யாகிவிடும். ஆகவே அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். முன்பக்கத்தில் சித்தப்பா குடும்பமும் நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இதற்குள் மூன்று தடவை எழுந்து தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை உன் அம்மா அடுப்படியிலிருந்தே, "இன்னாயா, இப்டிக்கும் அப்டிக்கும் நடந்துகினே கீற? எழுதறதுன்னா குந்தி எழுது, இல்லாங்காட்டி வந்து வெங்காயம் உரி" என்று சத்தம் போட்டாள். வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கண் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன கடிதத்தில் துணி துவைக்கிற மிஷினைப் பற்றி எழுதியிருந்தாய். பழையது போனால் போகட்டும், வீட்டில் பத்துப் பேருக்கும் போதுமான பெரிய மிஷினாக, நம் கைக்கு அடக்கமான விலையில் பார்த்து வாங்குங்கள் என்று. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. 'துணி துவைக்க முடியவில்லை என்ற சாக்கு இனி யாருக்கும் இருக்கக் கூடாது' என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். அந்த 'யாருக்கும்' யார் என்று நம் இருவருக்கும் தெரியும். உன் மனைவி புஷ்பம். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூரில் தன் அப்பா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. ஏன் போனாள் என்று உனக்கு எழுதியவன் நான். நம் வீட்டுத் துணியைத் துவைக்க அவளுக்கு உடம்பு வணங்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எழுதினேன். அது பொய், ராயா. அவள் போனது உண்மை, ஒரு வார்த்தை கேட்டதும் உண்மை என்பதால் எழுதும்போது எனக்கே அது நிஜம் மாதிரி இருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தைக் கடலில் போட்டுவிடாதே, கடைசிவரை படித்துவிட்டுப் போடு.

பழைய மிஷின் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ரயில்வேயில் இஞ்சின் டிரைவராக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார் என்று சாமான்களையெல்லாம் விற்றார். வெள்ளை எனாமல் பூசிய உருண்டைத் தொட்டி, நடுவில் சுழலும் தட்டு, மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். கைவண்டியில் ஏற்றி நீயும் நானும் சித்தப்பாவும் ராயபுரம் முழுக்கத் தெரியும்படி தள்ளிக்கொண்டு வந்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்று, சட்டை ஒரு பக்கம் குண்டாகப் போய் மறுபக்கம் அப்பளமாக வருவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். உன் அம்மாவின் கைக்காகத்தான் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சோடா உப்பில் அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது மெய்தான். ஆனால் அது பல வருஷமாகக் கசிந்துகொண்டிருந்தது, அப்போதெல்லாம் எனக்கு மிஷின் நினைப்பு வரவில்லை. யூனியனில் நான் கிளைச் செயலாளர் ஆன வருஷம் அது. தோழர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள். என் வீட்டுப் பெண்களை நான் கல்லில் துவைத்துக் கஷ்டப்பட விடுவதில்லை என்று பேசிக்கொள்ள எனக்கு ஒரு மிஷின் தேவைப்பட்டது. இதைப் போன வாரம்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். பெரிய பாவசங்கீர்த்தனம் செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "எனுக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மிஷின் வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லையே. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைக்காது. தெருக்குழாயில் காலையில் வருகிற நேரத்துக்குள் பிடித்து வைப்பதுதான். அந்தத் தொட்டியோ பத்துக் குடம் கேட்கும். ஆகவே ஒரு தடவை நிரப்பிய சோப்புத் தண்ணீரிலேயே ஒரு சுற்றுத் துணியை எடுத்துவிட்டு அடுத்த சுற்று, அதை எடுத்துவிட்டு அதற்கடுத்தது என்று ஓட்டினோம். யார் துணி முதலில் என்று முதல் வாரமே உன் அம்மாவுக்கும் சித்திக்கும் முகம் கறுத்தது. நான் விடுவேனா? வீட்டாரை உட்காரவைத்துக் கூட்டம் போட்டேன். "உழைக்கிறவன் துணிக்கே முதல் தண்ணீர்" என்று தீர்மானம் சொன்னேன். காலையில் துவைத்தால்தான் மறுநாள் ஷிப்டுக்குக் காக்கி காயும் என்று காரணமும் சொன்னேன். சித்தப்பா கைதட்டினார், அவர் துணியும் அந்த முதல் தண்ணீரில்தானே போகப்போகிறது. அதற்குப் பிறகு பெண்களின் புடவைகள், பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் துணி. அதற்குப் பிறகு மிஞ்சுவது எல்லாம் கடைசியில். உனக்குத் தெரிந்த சங்கதிதான், உன் காக்கியும் அதில் சுழன்றிருக்கிறது. நாங்கள் யாரும் யோசிக்காதது ஒன்றுதான். ஹார்பரில் கந்தகக் கப்பல் வந்தால் கிரேனுக்குக் கைகாட்டி நிற்கிற என்மேல் காலையிலிருந்து மாலைவரை மஞ்சள் தூசு இறங்கும். அதையே சித்தப்பா லாரியில் ஏற்றி மணலிக்கு ஓட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தூசை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்துப் பேர் துவைக்கிற தண்ணீரில் முதல் ஆளாகக் கரைத்துவிட்டோம்.

உன் மகள் செலின் பிறந்து மூன்றாம் மாதம், நீ கப்பல் வேலைக்குப் போன பிறகு, புஷ்பம் என்னிடம் வந்து நின்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "மாமா, பாப்பா துணிய ஒண்டி மொதல்ல போட்டுக்கட்டுமா? நாலே துணிதான், டக்குனு எடுத்துடறேன்" என்றாள். எவ்வளவு சின்னக் கேள்வி, பார். சரிம்மா என்று சொல்ல எத்தனை நேரமாகும்? நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். வீடென்றால் ஒரு ஒழுங்கு வேண்டும், ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேட்பார்கள், இந்தக் குடும்பம் இந்தக் காக்கியால்தான் சாப்பிடுகிறது என்று. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து குழந்தைத் துணியை மட்டும் பின்பக்கம் ஒரு பக்கெட்டில், தான் குளிக்க வைத்திருந்த தண்ணீரில், கையால் கசக்கிப்போட ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. "இன்னாத்துக்கு இந்தத் தனி பக்கெட்டு? எங்க துணி உனக்கு கலீஜா பூட்ச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். உன் அம்மா, "உடுய்யா, கொழந்தத் துணிதான" என்றாள். அவளையும் சேர்த்துக் கத்தினேன். தனியாகத் துவைக்கிறவள் நாளைக்குத் தனியாக உலை வைப்பாள் என்றேன். புஷ்பம் அந்த ஈரத்துணியை அப்படியே அள்ளிக்கொண்டு போய் மிஷினில் போட்டாள். என் காக்கி சுழன்று, புடவைகள் சுழன்று, பழுப்பாகிப்போன தண்ணீரில். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பத்து நாளில் குழந்தைக்குத் தொடையிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்து தடித்து, தோல் உரிய ஆரம்பித்தது. தொட்டால் அலறியது. டாக்டர் களிம்பு கொடுத்து, என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். மறுநாள், "துணி சுத்தமா கீற எடத்துல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இந்த ஒரு வரியைத்தான் உனக்கு நான் வேறு மாதிரி எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பாய். நீ எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மேட்னி ஷோவில் உட்கார்ந்திருந்தாய் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, உன் சோற்றுத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தேனே, அது ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அது நீ இல்லை, வேறொரு பையன். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. கல்மண்டபத்தில் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். நீ சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு ஓடினாய், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராதவனுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்க நன்றாக வரும். இந்த மிஷின் விஷயத்திலும் அதையேதான் செய்யப் பார்த்தேன். பழையது கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோனதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, உனக்கு மட்டும் சொல்கிறேன். புதிதாகப் பெரிதாக ஒன்று வாங்கி நிறுத்திவிட்டால் புஷ்பம் தானாக வந்துவிடுவாள், யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அதனால்தான் ஒரு மாதமாக நானும் சித்தப்பாவும் மிஷின் மிஷின் என்று அலைந்தோம். மவுண்ட் ரோட்டில் ஒரு கடை. கழுத்துப்பட்டை கட்டிய ஆள் ஒருவர் பொத்தானை அமுக்கி அமுக்கிக் காட்டினார். சித்தப்பா, "சார், லாரி தார்ப்பாய் போட்டா தோய்க்குமா?" என்று கேட்டார். விலையைச் சொன்னதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "குளுகுளுன்னு கீது, ஒரு அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போலாம்ண்ணா" என்றார், நின்றுவிட்டு வந்தோம். அடுத்து, பீச் ஸ்டேஷன் எதிரில் கப்பல் சாமான் விற்கிறவன் ஒரு ஜப்பான் மிஷினைக் காட்டினான். சோக்காகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நம் வீட்டுக் கரண்டில் பாதிதான் வேண்டுமாம், மீதியைக் குறைக்க ஒரு இரும்புப் பெட்டி தனியாக வாங்கி மாட்ட வேண்டுமாம். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு அங்கிருந்தும் நடந்தோம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சின்னதாகத் தொட்டி மிஷின் செய்கிறார்கள் என்று போனோம். அரிசி டிரம் அளவுக்கு ஒரு தொட்டி, அடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். நாலு சட்டைக்கு மேல் பிடிக்காது, பிழிகிற உருளையும் கிடையாது. விலை நம்மால் முடிகிற விலை, மோட்டார் போனால் எந்தக் கடையிலும் சுற்றிக் கொடுப்பார்கள். ஆனால் எனக்கு அது பொம்மை மாதிரி பட்டது. கடைசியில் பெரம்பூரில் இன்னொரு ஆங்கிலோ இந்தியர் குடும்பம் கப்பலேறுகிறது, பழைய மிஷினைப் போலவே, ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பார்த்ததுமே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சனிக்கிழமை கைவண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போடுமுன் மோட்டாரை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று பார்க்க மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டேன். பின்பக்கம் அதைக் கவிழ்த்துப்போட்டு அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு கூடைச் சேறு விழுந்தது. கறுப்பும் மஞ்சளுமாக, நாற்றமடித்துக்கொண்டு. "இன்னா பெரியவரே, இதுல துணி தோய்ச்சீங்களா, இல்ல ஹார்பரயே தோய்ச்சீங்களா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திருப்புளியால் தொட்டியின் அடியைச் சுரண்டிக் காட்டினார். எனாமல் உதிர்ந்து, இரும்பு சல்லடையாக ஓட்டை விழுந்திருந்தது. "கந்தகம். தண்ணிலயே குந்திகினு தகட்ட துன்னுகீது பாருங்க. இரும்பயே துன்ற சாமான், மன்சன் தோல உட்டுவைக்குமா?" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து, "வூட்ல கைக்கொழந்த எதுனா கீதா?" என்று கேட்டார்.

பின்வாசலில் நின்றிருந்த உன் அம்மாதான் பதில் சொன்னாள். "கீது பாய். எர்ணாவூர்ல கீது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். வேறு மிஷின் வாங்கப்போகிறேன், பெரிதாக, என்று நான் பாயிடம் என்னவோ உளறினேன். "எத்த வோணா வாங்குங்க. மொதத் தண்ணில இத்தப் போட்டீங்கன்னா அதுக்கும் இதே கதிதான்" என்றார். அவருக்கு நம் வீட்டுத் தீர்மானம் எதுவும் தெரியாது. துணியும் தண்ணீரும் தெரிந்தவர், அவ்வளவுதான். சனிக்கிழமை நான் பெரம்பூர் போகவில்லை. ஆள் அனுப்பி, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லச் சொன்னேன்.

போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். திருவொற்றியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து எர்ணாவூருக்கு இன்னொரு பஸ். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஆயிரம் பேர் கூட்டத்தில் பேசியவனுக்கு ஒரு பெண்பிள்ளையிடம் பேச முதல் வரியே கிடைக்கவில்லை. புஷ்பத்தின் அப்பா விம்கோ நகரில் வேலைக்குப் போயிருந்தார். அவள் பின்பக்கம் குழந்தைத் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்றாள். செலின் பாயில் கவிழ்ந்து கிடந்தாள். கழுத்து மடிப்பில் தோல் ஆறி வெளுத்துப் போயிருக்கிறது, தடம் இன்னும் தெரிகிறது. நான் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "புதுசா மிஷின் வாங்கப்போறோம்மா, நீயே வந்து எது வேணும்னு பாத்துச் சொல்லு" என்று ஆரம்பித்தேன். பார், அங்கே போயும் மிஷினைத்தான் பேசுகிறேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். நீ அவளுக்கு எழுதியது. நீ எழுதினாய் என்றே எனக்குத் தெரியாது. படித்தேன். நம் வீட்டுத் துணியைத் துவைக்க உனக்கு உடம்பு வணங்கவில்லையா, அப்பா சொன்னதைக் கேட்டு நடக்காதவள் என் வீட்டுக்கு வேண்டாம், நான் ஊர் வருவதற்குள் ராயபுரம் போய்ச் சேர், இல்லையென்றால் உன் அப்பா வீட்டிலேயே இருந்துகொள் என்று. கையெழுத்து உன்னுடையது, ராயா. பேச்சு முழுக்க என்னுடையது. ஒரு வார்த்தை நீ சொந்தமாகச் சேர்க்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லை என்பதையே நான் உனக்கு எழுதவில்லை. என் பொய் கடல் தாண்டிப் போய், உன் கையால் திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறது. புஷ்பம், "கப்பலேறினதுலருந்து அவரு எனக்கு எழுதின லட்டர்லயே இதான் பெரிய லட்டர் மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "எங்கிட்ட சொன்னா பத்துமா மாமா? அவருக்கு இன்னா எழுதினீங்களோ, அத்த மாத்தி எழுதுங்க. எழுதி, தபால்ல போடறதுக்கு மின்னாடி எங்கிட்ட ஒருவாட்டி காட்டுங்க" என்றாள். நியாயம்தானே? யூனியன் கடிதம் எதுவும் இரண்டாவது ஆள் படிக்காமல் வெளியே போகக் கூடாது என்று நான்தான் விதி போட்டேன். வீட்டுக் கடிதத்துக்கு அந்த விதி எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது மிஷின் பேச்சை அவளே எடுத்தாள். நான் பார்த்த நான்கையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்தச் சின்னத வாங்குங்க" என்றாள். பத்துப் பேர் வீட்டுக்கு எப்படிக் காணும் என்றேன். "பெருசா வாங்கினா மறுபடியும் ஒரே தண்ணிதான் மாமா. சின்னதுன்னா ரெண்டு பக்கெட்டு. அவங்கவங்க துணிக்கு அப்பப்போ புதுத்தண்ணி ஊத்திக்கலாம். நாலுவாட்டி ஓடட்டுமே, இன்னா இப்போ? உங்க காக்கியும் சின்ன மாமா காக்கியும் அதுல ஏறவே கூடாது. அத்த கல்லுல போடுங்க." யார் கல்லில் துவைப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் அலைந்து எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டாத கணக்கு, அவளுக்கு இரண்டு பக்கெட்டில் தீர்ந்துவிட்டது.

நேற்று அம்பத்தூரிலிருந்து அது வந்து இறங்கிவிட்டது. சித்தப்பா அதை ஒரே கையால் தூக்கி வைத்துவிட்டு, "இது மிஷினா, மோர் கடையற சாமானா?" என்றார். காலையில் நான் என் காக்கியை எடுத்துக்கொண்டு, பின்பக்கக் கல்லில், கிணற்றுத் தண்ணீர் இறைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் துவைத்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுப் பார்த்து, நுரைக்காமல், இன்னும் போட்டு, அரைக் கட்டியைக் கரைத்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ ஒருவன், "தலைவரே, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டான். உன் அம்மா வெளியே வந்து சிரித்தாள் பார், அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷமாகிறது. பத்து நிமிஷத்தில் எனக்கு மணிக்கட்டு விட்டுப்போயிற்று. மிஷின் வரும்வரை இத்தனை வருஷம் எப்படிச் செய்தாய் என்று அவளிடம் கேட்டேன். "நீ கேக்கலியே" என்றாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதியில் நான் இல்லை, இருந்தாலும் அப்பன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கடிதத்தை வேதம் மாதிரி நம்பாதே. நான் உன் அப்பன், உன்மேல் எனக்கு உயிர், ஆனால் நான் கோபக்காரன், தோற்பது பிடிக்காதவன். ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் குறை எழுதினால், அந்த ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கேள். உன் தட்டை எறிந்த அன்றைக்கு நான் உன்னிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீயும் என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய், கேட்காமல் தீர்ப்பு எழுத? அன்றைக்கு எட்டாவது படித்த பிள்ளையிடம் நான் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு, ராயா. செருப்பு போதவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இதுவரை ஞாயிறு எழுதியது. இனி எழுதுவது செவ்வாய்க்கிழமை, எர்ணாவூரில், புஷ்பத்தின் அப்பா வீட்டில் உட்கார்ந்து. காலை ஷிப்டு முடிந்து நேராக வந்துவிட்டேன். உன் கப்பல் யோகோஹாமாவை விட்டுக் கிளம்புமுன் இது அங்குள்ள கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்குப் பதைப்பு. அவளோ நிதானமாக, ஒவ்வொரு தாளாகப் படித்தாள். செலின் தாளைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தாள், முதல் பக்கத்தின் ஓரம் கசங்கியிருப்பது அதனால்தான். வெங்காயம் வருகிற இடத்தில் புஷ்பம் ஒரு தடவை சிரித்தாள். உன் கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் வெகுநேரம் நின்றாள். முடித்ததும், "மிஷின் கதைதான் நெறய கீது மாமா" என்றாள். எதையாவது அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நீ எப்போது வீட்டுக்கு வருகிறாய் அம்மா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளே சொன்னாள்: "அவரு எனக்கு எழுதட்டும். உங்களக் கேக்காம, அவரா எழுதட்டும். அப்பால பாக்கலாம்."

கவரை ஒட்டுமுன் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அனுப்புநர் என்று போடுகிற இடத்தில் நம் ராயபுரம் விலாசத்தை நான் எழுதி வைத்திருந்தேன். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எர்ணாவூர் விலாசத்தை எழுதியிருக்கிறாள். திருப்பிப் பார். உன் பதில் அந்த விலாசத்துக்கே வரட்டும், எனக்கு எழுத வேண்டாம்.

அப்பா